குட்டையோரத்துக் கிணறு

ஆலைக் கழிவுநீர்க் குட்டையை ஒட்டிய ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து அண்ணன் லாரியில் தண்ணீர் விற்றுவந்தான். ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த தங்கை அதைச் சோதித்தபோது ஈயம் அளவுக்கு மீறி இருந்தது. நேராகக் கிணற்றடிக்கே போனாள்.

"குடிக்கிற பிள்ளைங்களுக்கு மூளையே கெட்டுப்போகும்ண்ணே. நிறுத்திடு."

"என் பொழப்புல மண்ணள்ளிப் போடவா வந்தே?"

ஓங்கி அறைந்தான். அவள் உதடு கிழிந்தது. கீழே கிடந்த பைப் ஸ்பேனரை எடுத்து மோட்டார் ஸ்டார்ட்டரை அடித்து நொறுக்கினாள். அவன் தலைமுடியைப் பிடித்து இழுக்க, ஸ்பேனரைத் திருப்பி வீசினாள். அவன் மணிக்கட்டு முறிந்தது.

அலறியவனை அவளே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். "என்மேல கேஸ் குடுத்துக்கோ. கிணத்தைப் பத்தி நான் எழுதிக் குடுக்கப்போறேன்."

மறுவாரம் கிணற்றுக்குச் சீல் வைத்தார்கள். அண்ணன் கேஸும் கொடுக்கவில்லை, பேசவும் இல்லை. அண்ணிதான் போன் செய்தாள். தன் பிள்ளைகளின் ரத்தத்தை எங்கே சோதிக்கலாம் என்று அழுதுகொண்டே கேட்டாள்.