சூட்டுத் தட்டின் பிளக்

நுண்ணோக்கியின் கீழே, மருந்து சேர்த்த இதயச் செல்கள் தாறுமாறாகத் துள்ளின. மணி ஒன்பதே முக்கால். பத்து மணிக்கு எதிர்க்கட்டடத்து வார்டில் என் தம்பி இதே மருந்தின் முதல் மாத்திரையை விழுங்கப்போகிறான்.

மூன்று மாதமாக இந்தச் செல்கள் பெட்டிப்பாம்பாக அடங்கித் துடித்தன. ஒவ்வொரு துடிப்புக்கும் செல்லுக்குள் கால்சியம் பாய்ந்து வடிய வேண்டும். மிச்சம் தேங்கினால் இதயம் நேரம் தப்பித் துடிக்கும். தம்பி இரண்டு முறை மயங்கி விழுந்தது அதனால்தான். செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியா அந்த மிச்சத்தில் கொஞ்சத்தை உறிஞ்சிக்கொள்ளும். மருந்து அதன் வாசலை இன்னும் அகலத் திறந்துவிடும். "கண்ணை மூடிட்டு சேருடா" என்று அவனைப் பரிசோதனையில் சேர்த்துவிட்ட புத்திசாலி நான்தான்.

இன்றைக்கு மட்டும் என்ன கேடு? மருந்து பழசா? இல்லை. செல்கள் கெட்டுவிட்டனவா? மருந்து சேர்க்காத செல்கள் ஒழுங்காகத்தான் துடித்தன. மேஜைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். செல்களை உடல் சூட்டில் வைத்திருக்கும் சூட்டுத் தட்டின் பச்சை விளக்கு எரிந்தது.

நேற்று ஏசி பழுது பார்க்க வந்தவர் மேஜையை நகர்த்தியிருக்கிறார். போகும்போது என் போன் சார்ஜரைக் கழற்றி வைத்துவிட்டு, தரையில் கிடந்த பிளக்கைச் செருகியிருக்கிறார், நல்ல மனிதர். மூன்று மாதத்துக்கு முன் அதைப் பிடுங்கிப் போட்டவள் நான். நோட்டில் தினமும் 37 டிகிரி என்று எழுதிவந்தேன். பார்த்து எழுதும் பழக்கம் எப்போதோ போய்விட்டது.

குளிர்ந்த செல்லில் அந்த வாசல் மந்தமாக இருந்திருக்கிறது. உடல் சூட்டிலோ மைட்டோகாண்ட்ரியா அளவில்லாமல் குடித்து, வீங்கி, குடித்ததை ஒரேயடியாகக் கக்குகிறது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமே நஞ்சு. இது வெறும் கால்சியம்.

வார்டுக்குப் போன் போட்டேன். பிஸி. மறுபடியும் பிஸி. லிப்ட் ஏழாம் மாடியில் நின்றுகொண்டு அசைய மறுத்தது. அதைத் திட்டிக்கொண்டே படியில் இறங்கி ஓடினேன். தெருவில் ஒரு வேன் என்னை உரசாத குறையாகப் போனது.

தம்பியின் உள்ளங்கையில் மாத்திரை இருந்தது. மறுகையில் தண்ணீர்.

"முழுங்காதேடா!"

"மேடம், இப்படியெல்லாம் உள்ள வரக்கூடாது" என்றார் நர்ஸ்.

"வேற யாருக்காவது குடுத்துட்டீங்களா?"

"இவர்தான் முதல் ஆள்."

தம்பி சிரித்தான். "என்னக்கா, நீதானே நல்ல மருந்துன்னு சொன்னே?"

"தப்புடா. என் தப்பு. போனுக்கு சார்ஜ் போட சூட்டுத் தட்டோட பிளக்கைப் புடுங்கிட்டேன். மூணு மாசமா குளிர்லதான் டெஸ்ட் பண்ணியிருக்கேன்."

நர்ஸ் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு டாக்டரைக் கூப்பிட ஓடினார். என் வேலை போனது போனதுதான். அது அப்போது உறைக்கவில்லை.

"அப்போ எனக்கு வேற மருந்து?" என்று கேட்டான்.

"இப்போதைக்கு இல்லடா."

அவன் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். மாத்திரையை என் கையில் வைத்து விரல்களை மூடினான். அவன் கை நல்ல சூடாக இருந்தது.