கறுப்பு வண்டியில் வட்டக் கீறல்

தூசி துடைப்பது என்ன பெரிய வித்தையா என்று கேட்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தூசி என்பது மணல். அதை உலர்ந்த துணியால் அழுத்தித் தேய்த்தால் பெயின்ட்டில் கீறல்தான் விழும். முதலில் மேலிருந்து கீழாகத் தண்ணீர் அடிக்க வேண்டும். பிறகு சோப்பு நுரையில் தோய்த்த மெத்தென்ற துணி, அதை அலச இன்னொரு வாளி. துடைப்பதும் நேர்கோட்டில்தான், முன்னிருந்து பின்னாக. தரையில் விழுந்த துணி அதற்குப் பிறகு சக்கரம் துடைக்க மட்டும்தான்.

கார் விற்கும் கடையில் ஆறு வருஷமாக இதுதான் என் வேலை. எதற்கெடுத்தாலும் "மொதல்ல தண்ணி" என்பேன். அதனால் எனக்குத் தண்ணியக்கா என்றே பெயர். புதிதாக வேலைக்கு வருபவர்கள் வேறு மாதிரி நினைத்துக்கொண்டு ஒரு வாரம் என் பக்கமே வர மாட்டார்கள்.

அப்படிப்பட்ட என்னை அன்று காலை மேனேஜர் கடை ஆட்கள் எட்டுப் பேர் முன்னால் நிறுத்தினார். இரண்டு வாரமாகக் கடை வாசலில் காட்சிக்கு நின்ற கறுப்பு வண்டி. பானட் மேல் போன் டார்ச்சை அடித்தார். தலைமுடி கனத்துக்குக் கீறல்கள், சுற்றிச் சுற்றி.

"பத்து மணிக்கு வண்டிய எடுக்க வர்றாங்க. தொடைக்கத் தெரியாதவளுக்கு எதுக்கு இந்த வேலை? நாளைலேர்ந்து வர வேண்டாம்."

"நான் பண்ணல சார்."

"பின்ன, வண்டி தானா சொறிஞ்சுக்கிச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள். வேலை போனதைவிட அந்தச் சிரிப்புதான் என்னை எரித்தது.

என் நாத்தனார் அங்கே வரவேற்பு மேசையில் இருக்கிறாள். இந்த வேலையை வாங்கித் தந்தவளே அவள்தான். ஓடி வந்து என் முழங்கையைப் பிடித்தாள்.

"அண்ணி, ஒரு வார்த்த மன்னிப்புக் கேட்டுடுங்க. அண்ணனும் வேலையில்லாம வீட்ல இருக்காரு."

"செய்யாத தப்புக்கா?"

அவள் சொன்னது பொய்யில்லை. என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. மன்னிப்பு நுனி நாக்கு வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

அதற்குள் வண்டியை வாங்கிய டீச்சரம்மா வந்துவிட்டார். மேனேஜர் முகத்தில் சிரிப்பு வந்து ஒட்டிக்கொண்டது. "வாங்க மேடம், பாருங்க, கண்ணாடி மாதிரி!" என்று சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை உருவினார். பானட் மேல் ஒரு ஊது ஊதினார். மிச்சத் தூசியைச் சுற்றிச் சுற்றித் துடைத்தார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. யார் வண்டி பார்க்க வந்தாலும் அவர் செய்கிற வேலை இது. என் கையை விட்டுப் போன வண்டி அவர் பாடு என்று நானும் இத்தனை நாள் பேசாமல் இருந்திருக்கிறேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள், அந்த நெஞ்சில் ஒன்றையும் காணோம்.

நாத்தனாரின் போனைப் பிடுங்கி டார்ச்சைப் போட்டேன்.

"சார், கைய அப்படியே வைங்க. நீங்க தொடைச்ச தடம் வட்டமா இருக்கு. அடியில இருக்கற கீறலும் வட்டம். நான் என்னிக்காவது வட்டமா தொடைச்சிருக்கேனா? கதவப் பாருங்க. அதையும் இதே கைதான் கழுவுச்சு. ஒரு கீறல் இருக்கா? உங்க கைக்குட்ட அங்க போகல, அவ்வளவுதான்."

டீச்சரம்மா குனிந்து பானட்டைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். "இத சரி பண்ணாம நான் வண்டிய எடுக்கமாட்டேன்" என்று போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

மேனேஜர் என் காதருகே வந்தார். "சரி, சரி, விடு. பாலிஷ் போட்டுடு. நாளைக்கும் வா."

பிச்சை போடுகிற மாதிரி!

"திட்டினது எட்டுப் பேர் முன்னால. இது மட்டும் காதுலயா சார்?"

சற்று முன் என்னை மன்னிப்புக் கேட்கச் சொன்ன நாத்தனார்தான் மேசைக்குப் போய் மைக்கைத் தட்டினாள். "காலைல இங்க நின்னவங்க எல்லாரும் கறுப்பு வண்டிகிட்ட வாங்க. மேனேஜர் சார் ஒண்ணு சொல்லணுமாம்."

எட்டுப் பேரும் வந்து நின்றார்கள். மேனேஜர் நாற்காலியில் இருந்த டீச்சரம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"கீறல் போட்டது... நான்தான். இவங்க இல்ல."

சொல்லிவிட்டு வியர்வையைத் துடைத்தார். பழக்கதோஷம், கைக்குட்டை அப்படியே பானட் பக்கம் போனது.

"சார், மொதல்ல தண்ணி" என்றேன்.

எட்டுப் பேரும் சிரித்தார்கள். இந்த முறை என்னைப் பார்த்து இல்லை.