கிளட்ச் பிடிக்கிற இடம்

ஜாஃபர் சாதிக்கின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். எடுத்தது தஞ்சாவூர் டாக்டர். எடுக்க வைத்தது முத்துப்பேட்டையில் கார் மெக்கானிக் கடை வைத்திருக்கும் மதலைமுத்து, அதாவது நான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துப் பேசுகிறவனைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும்.

சாதிக்கும் நானும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. லாரி ஓட்டப் பழகியதும் ஒன்றாகத்தான். தொண்ணூற்றேழில் அவன் குவைத்துக்குப் போனான், ஒரு பணக்கார வீட்டுக்கு டிரைவராக. அங்கே எல்லாம் ஆட்டோமேட்டிக் வண்டி. கிளட்ச் கிடையாது, கியர் மாற்றும் வேலை கிடையாது. லீவில் வரும்போதெல்லாம் அவன் புலம்புவது இதைத்தான். வண்டி தானாகப் போகிறது, நான் ஒப்புக்கு உட்கார்ந்திருக்கிறேன் என்பான்.

கஜா புயலுக்கு அடுத்த வருடம் ஒரேயடியாக ஊர் திரும்பினான். திருச்சிக்குப் போய் ஒரு சின்ன சிவப்புக் கார் வாங்கினான். பார்க்கத்தான் சின்னது. ஆறு கியர், காலை வைத்த உடனே சீறுகிற இன்ஜின், ஓட்டை போட்ட அலுமினிய பெடல்கள், வழுக்காமல் இருக்க அந்த ஓட்டைகளில் ரப்பர் குமிழ்கள். ஷோரூமில் இதே வண்டியை ஆட்டோமேட்டிக்கில் எடுங்கள் பாய், முட்டி வலிக்காது என்று கெஞ்சியிருக்கிறார்கள். இவனா கேட்பான்?

"இருவத்திரண்டு வருஷம் வண்டிக்குள்ள சும்மா உட்காந்திருந்தேன் முத்து. இதுலதான் நான் ஓட்டுறேன்" என்றான். வேதாரண்யம் ரோட்டில் என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்றில் இழுத்து நாலுக்கு மாற்றியபோது சிரித்தான் பாருங்கள், ஐம்பது வயது ஆளின் சிரிப்பில்லை அது. எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

இரண்டே மாதத்தில் வண்டியைக் கடை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். கிளட்ச் பிடிக்கிற இடம் தெரியவில்லையாம். எங்கே பிடிக்கிறது, எங்கே விடுகிறது என்று புரியாமல் வண்டி குலுங்கி ஆஃப் ஆகிறதாம். நான் ஓட்டிப் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. கியர்பாக்ஸை இறக்கிப் பார்த்தேன், கிளட்ச் பிளேட் புதுசாக இருந்தது. மாட்டிக் கொடுத்தேன். மறுவாரம் அதே புகாரோடு வந்தான். என் வேலையைக் குறை சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், ஊருக்கே தெரியும். கடையில் நாலு பேர் நிற்கும்போதே கத்திவிட்டேன்.

"வண்டில ஒண்ணும் இல்லடா. கோளாறு உன் கால்லதான். ஆட்டோமேட்டிக் ஓட்டி ஓட்டி காலு மரத்துப் போச்சு. செருப்பக் கழட்டிப் போட்டுட்டு ஓட்டு, தானா தெரியும்."

எங்கள் பக்கத்துப் பழைய டிரைவர்கள் எல்லோரும் அப்படித்தான். லாரியோ வேனோ, ஏறியதும் செருப்பைக் கழற்றி சீட்டுக்கு அடியில் தள்ளிவிடுவார்கள். உள்ளங்காலுக்குத் தெரிகிறது செருப்புக்குத் தெரியாது. நானும் முப்பது வருடமாக வெறுங்காலோடுதான் ஓட்டுகிறேன்.

கோளாறு அவன் காலில்தான் இருந்தது. திட்டுவதாக நினைத்துக்கொண்டு உண்மையைச் சொல்லியிருக்கிறேன். அவனுக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை. டீக்கடையில் தினமும் அவனுக்குச் சீனி இல்லாமல் சொல்கிறவனே நான்தான். சர்க்கரைக்காரர்களுக்குப் பாதம் உணர்ச்சி இழக்கும் என்று கேள்விப்படாதவனும் இல்லை. ஆனால் கிளட்சைத் தாண்டி என் புத்தி போகவில்லை. மெக்கானிக் புத்தி.

பத்து நாள் கழித்து ஆயில் மாற்ற வண்டியை விட்டுப் போனான். இப்போது பரவாயில்லை என்றான். என் மனசு கோணக் கூடாது என்று சொன்னானோ என்னவோ. கிளட்ச் பெடலில் ஒரு குமிழ் விழுந்து ஓட்டையின் விளிம்பு கத்தி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றிப் பழுப்பாகக் கறை. செம்மண் என்று நினைத்தேன். மண்ணெண்ணெய்த் துணியால் பளிச்சென்று துடைத்தேன். குமிழைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். முத்துப்பேட்டையில் ஏதடா செம்மண், மடையா? இருப்பது கறுப்புக் களிமண்ணும் உப்பு மண்ணும்தான். அது ரத்தம் என்று அன்றைக்கே தெரிந்திருந்தால் ஊசி மருந்தோடு போயிருக்கும். கால் தப்பியிருக்கும்.

ஐந்து வேளைத் தொழுகைக்கு முன்பும் ஒளு செய்யக் காலைக் கழுவியிருக்கிறான். உள்ளங்காலை யார் திருப்பிப் பார்க்கிறார்கள்? எரிந்தால்தானே பார்ப்பதற்கு. கடைசியில் நாற்றத்தை வைத்துத்தான் அவன் மனைவி கமருன்னிஸா கண்டுபிடித்தது. அதற்குள் கணுக்கால் வரை கறுத்துவிட்டது. தஞ்சாவூருக்குக் கொண்டுபோனோம். எப்படிக் காயம் பட்டது என்று டாக்டர் கேட்டபோது, எதையோ மிதித்துவிட்டேன் என்றான் சாதிக். என் பேரை இழுக்கவில்லை. பக்கத்தில் நின்ற எனக்கும் உண்மையைச் சொல்லத் தைரியம் வரவில்லை.

வீட்டுக்குப் போகும் நாளில் தன் வண்டியில்தான் போவேன் என்று பிடிவாதம் பிடித்தான். நான்தான் ஓட்டினேன். எனக்குப் பக்கத்து சீட்டில் அவன், பின்னால் மருந்துப் பையோடு கமருன்னிஸா. பட்டுக்கோட்டை தாண்டினோம். நான் கியர் மாற்றும்போதெல்லாம் அவனுடைய இடது தொடை அசைவதைக் கவனித்தேன். வலியாக்கும் என்று நினைத்தேன்.

"முத்து, இப்பத் தெரியுதுடா" என்றான் மெதுவாக. "நீ மிதிக்கிறப்பல்லாம் எனக்குப் பாதத்துல தெரியுது. எங்க பிடிக்குது, எங்க விடுதுன்னு நல்லாத் தெரியுது."

இல்லாத பாதத்தில் தெரிகிறதாம். இருந்தபோது தெரியாதது. என்னால் அதற்கு மேல் ஓட்ட முடியவில்லை. ஒரு தென்னந்தோப்பு ஓரமாக நிறுத்தினேன். பின்னால் திரும்பாமலே, தங்கச்சி, வெறுங்காலோடு ஓட்டச் சொன்னது நான்தான் என்றேன். ஆஸ்பத்திரியில் இருந்த ஒன்றரை மாதமும் சொல்லாமல் வைத்திருந்தது அது.

கமருன்னிஸா அழவும் இல்லை, திட்டவும் இல்லை.

"தெரியும்ணே. செருப்ப வாசல்லயே விட்டுட்டுப் போவாங்க. ஏங்கன்னு கேட்டா, முத்து சொன்னா சரியாத்தான் இருக்கும்பாங்க. வண்டிய எடுங்க, மாத்திர போடுற நேரமாச்சு."

இரண்டு அறை கொடுத்திருந்தால் தேவலை. சாவியைத் திருப்பினேன். அன்றைக்கு நான் செருப்பைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன். கழற்ற மனசு வரவில்லை. முதல் கியரைப் போட்டுக் கிளட்சை விட்டேன். என் காலுக்கு ஒன்றும் தெரியவில்லை, வண்டி குலுங்கி ஆஃப் ஆனது.

சாதிக் என் பக்கம் திரும்பினான். தொடையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தான்.

"அவசரப்படாதடா. இன்னும் கொஞ்சம் மெதுவா விடு" என்றான்.