கீழே போகாத கல்

பல் மருத்துவமனையில் பல்லில் கல்லாக இறுகிய காரையைச் சுரண்டி எடுப்பதுதான் அவள் வேலை. நாள் முழுக்கக் கல்லோடு மல்லுக்கட்டுகிறவள், விடுமுறையில் கல்லைப் பார்க்கவே டிக்கெட் வாங்கிக் குகைக்கு வந்திருந்தாள். கடைசி அறையின் கூரையில் தண்ணீர் கசிந்து உருவாகும் கல் இழைகள் கீழ்நோக்கி இல்லாமல் பக்கவாட்டிலும் மேல்நோக்கியும் வளர்கின்றன என்று படித்ததிலிருந்து மண்டைக்குள் ஒரே குடைச்சல். அதெப்படி?

அந்த அறைக்குச் சற்று முன்னால் பாதை இடுங்கியது. கூட வந்த கணவர் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி நின்றுவிட்டார்.

"என்னால முடியாதும்மா, மூச்சு முட்டுது. வா, திரும்பிடலாம்."

கலங்கரை விளக்கத்தில் பாதிப் படியில் இப்படித்தான். தொங்கு பாலத்திலும் இப்படித்தான். அவர் திரும்பினால் அவளும் திரும்பிவிடுவாள். கோபம்கூட வந்ததில்லை. ஏன் வரவில்லை என்பதுதான் இப்போது அவளுக்கு விசித்திரமாக இருந்தது.

"நீங்க இந்த பெஞ்சுல உக்காருங்க. நான் பாத்துட்டு வரேன்."

"தனியாவா?"

"முன்னாடி ஒரு கூட்டமே போகுது. தனியாவாம்!"

உள்ளே இருட்டு. "கொஞ்ச நேரம்தான் லைட் போடுவேன். வெளிச்சம் பட்டுக்கிட்டே இருந்தா கல்லுல பாசி பிடிச்சுடும்" என்றாள் வழிகாட்டிப் பெண்.

விளக்கு எரிந்தது. கூரையெங்கும் வெள்ளை இழைகள். ஒன்று கீழே வந்து, மனம் மாறியதுபோல் மேலே வளைந்திருந்தது. அவள் கை தானாக உயர்ந்தது. அங்கே இல்லாத பல் சுரண்டும் கருவியை விரல்கள் பிடித்துக்கொண்டன.

"அக்கா, கை!"

"ஐயோ, தொடலைம்மா. தொழில் புத்தி." கையை அக்குளில் செருகிக்கொண்டாள். "இது ஏன் கீழ வரல?"

"உள்ள தலைமுடி மாதிரி துளை இருக்கு. தண்ணி கசியுமே தவிர, சொட்டற அளவுக்குக் கனம் சேராது. அதனால கீழதான் போகணும்னு கட்டாயம் இல்ல. ஆனா ஒவ்வொண்ணும் ஏன் இப்படித் திரும்புதுன்னு கேக்காதீங்க, எனக்கும் தெரியாது."

அவள் அதைத்தான் கேட்க வாயெடுத்தாள். விளக்கு அணைந்தது.

திரும்பி வந்தபோது கணவர் பெஞ்சை விட்டு எழுந்து பாதையை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன இருந்துச்சு? சொல்லேன்."

விரலை வளைத்துக் காட்டிப் பார்த்தாள். சரியாக வரவில்லை.

"சொல்லத் தெரியல. அடுத்த கூட்டத்தோட வரவான்னு வழிகாட்டிப் பொண்ணுகிட்ட கேட்டேன், சரின்னுட்டா. இன்னொரு தடவை போறேன்."

அவர் இடுக்கைப் பார்த்தார்; அவளைப் பார்த்தார். "உன் கையைப் பிடிச்சுக்கிட்டு வரட்டுமா?"

"கை வேண்டாம். இந்தப் பை வாரைப் பிடிச்சுக்கங்க. பாதியில நின்னீங்கன்னா பையைக் கழட்டிக் குடுத்துட்டு நான் பாட்டுக்குப் போயிடுவேன்."

அவர் இரண்டு கைகளாலும் வாரைப் பற்றினார்.