நானூத்தி நாலே இருக்கட்டும்

செவ்வாய்க்கிழமை காலை என் தங்கை கல்யாணத்தை நிறுத்தினாள். சாயங்காலம் நான் கல்யாணப் பக்கத்தை இணையத்திலிருந்து எடுத்துவிட்டேன். இணையதளம் செய்து கொடுப்பது என் தொழில். அதனால் எங்கள் வீட்டில் அழைப்பிதழ்கூட இணையத்தில்தான்.

மாப்பிள்ளை லிஃப்ட் இன்ஜினியர். வேறு ஊருக்கு மாற்றல் என்றதும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார். அவள் பிசியோதெரபிஸ்ட். சொந்தமாகக் கிளினிக் திறந்து நாற்பது நாள்தான் ஆகியிருந்தது. அவருடைய நம்பரையும் தடுத்துவிட்டாள்.

புதன்கிழமை பெரியப்பா போன் செய்தார். "என்னடா, காணவில்லைன்னு வருது? பொண்ணு எங்கே போனா?"

"பக்கம்தான் பெரியப்பா காணோம். பொண்ணு சாப்பிட்டுக்கிட்டு இருக்கா."

அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. "காணோம்னு போடாதே. கரண்ட் இல்லைன்னு போடு."

"உலகத்துக்கே கரண்ட் இல்லையாம்மா?" என்றார் அப்பா, தட்டிலிருந்து தலை தூக்காமல்.

நான் தங்கையிடம் முறைப்படி கேட்டேன். "பக்கம் இல்லைன்னு காட்ட ரெண்டு நம்பர் இருக்கு. நானூத்தி நாலுன்னா இப்ப இல்லை. திரும்பி வரலாம், வராமலும் போகலாம். நானூத்திப் பத்துன்னா போனது போனதுதான், இனி தேடி வராதீங்கன்னு அர்த்தம். எது போடட்டும்?"

"எதுல வேலை குறைச்சல்?"

"நாலு தானா வரும். பத்துன்னா நான் ஒரு வரி எழுதணும்."

"அப்ப நாலே இருக்கட்டும். உனக்கு எதுக்கு வீண் வேலை."

அம்மா அவளுக்கு இன்னொரு கரண்டி பரிமாறினாள்.

யார் எந்தப் பக்கத்தைக் கேட்டாலும், அது இல்லாத பக்கமாகவே இருந்தாலும், கேட்ட முகவரியை சர்வர் ஒரு பட்டியலில் குறித்துக்கொள்ளும். அதைத் தினமும் காலையில் படிப்பேன். சம்பந்தம் பேசி முடித்த அன்று மாப்பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து இதைப் பற்றி அரை மணி நேரம் பேசினேன். என் பேச்சை அவ்வளவு நேரம் யாரும் கேட்டதில்லை. தலையாட்டினார், தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன்.

வியாழக்கிழமைப் பட்டியலில் ஒரு வரி முழுக்கச் சதவீதக் குறிகள். முகவரியில் தமிழ் அடித்தால் அப்படித்தான் விழும். பிரித்துப் படித்தேன். எங்கள் தளத்தின் பெயருக்குப் பின்னால், 'மன்னிச்சிடு' என்று ஒரு பக்கத்தை யாரோ கேட்டிருந்தார்கள்.

தங்கையிடம் காட்டினேன். "எதுக்குன்னு இல்லையே," என்று சொல்லிவிட்டுக் கிளினிக்குக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை: 'கேட்காம-கையெழுத்து-போட்டதுக்கு'.

"ம்," என்றாள்.

சனிக்கிழமை: 'மாற்றல்-வேண்டாம்னு-எழுதிக்-கொடுத்துட்டேன்'.

நான் சிரித்துக்கொண்டே காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. "இதையும் கேட்காமத்தானே செஞ்சிருக்காரு?"

"அடிப்பாவி, உனக்காகத்தானே?"

"அதையும் நான்தானே சொல்லணும்?"

அப்பா செய்தித்தாளை மடித்தார். "அவ சொல்றது நியாயம்தான்." அம்மா அவரை முறைத்தாள். நான் அந்த நானூத்திப் பத்து வரியை எழுதித் தயாராக வைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமைப் பட்டியலில் ஒன்றும் இல்லை. பெரியப்பா மட்டும் கல்யாணப் பக்கத்தைத் தேடி மூன்று முறை வந்துபோயிருந்தார். காலையில் இரண்டு தடவை, "ஏதாவது இருக்கா?" என்று தங்கை என் அறைக்குள் எட்டிப் பார்த்தாள். சார்ஜர் தேடி வந்தாளாம். சார்ஜர் அவள் கையில்தான் இருந்தது.

திங்கட்கிழமை வந்தது: 'நான்-என்ன-செய்யட்டும்-நீ-சொல்லு'.

அவள் நின்றபடியே படித்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து இன்னொரு முறை படித்தாள்.

"அண்ணா, இந்த முகவரியிலேயே ஒரு பக்கம் போட முடியுமா?"

"முடியும். என்ன எழுத?"

"நீ எழுத வேண்டாம், தள்ளு."

அவளே அடித்தாள். 'ஆறு மணிக்குக் கிளினிக்குக்கு வாங்க. கடைசி பேஷன்ட் போனதும் பேசலாம்.' படம் இல்லை, பூ வேலைப்பாடு இல்லை.

பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஒன்பது மணி பத்து நிமிஷத்துக்கு அந்த முகவரியை ஒருவர் கேட்டார். எதிரே இருநூறு என்று விழுந்தது. கேட்டது கிடைத்தது என்று அர்த்தம். தங்கை கிளம்புவதற்குள் இன்னும் பதினாலு முறை இருநூறு.

"அப்ப கல்யாணப் பக்கத்தைத் திரும்பப் போட்டுடலாமில்லையா?" என்றாள் அம்மா.

"முதல்ல ஆறு மணி ஆகட்டும்மா," என்றாள் தங்கை. அன்று அவள் கிளினிக்குக்குப் புதுச் செருப்பு போட்டுக்கொண்டு போனாள்.

அவள் தெரு திரும்பியதும், எழுதி வைத்திருந்த நானூத்திப் பத்து வரியை நான் அழித்தேன்.