சால் நிறையும் நேரம்

செலியமேட்டு வைத்திலிங்கம் எவர் பேச்சையும் முடிக்கவிடமாட்டார். எதிரில் இருப்பவர் வாய் திறந்ததும் மீதியைத் தாமே சொல்லி, பதிலையும் கூறிவிடுவார். "ஒன் வூட்டுக்காரருக்குக் காது எதுக்குடி?" என்று அவர் மனைவி காசம்மாளை ஊர்ப்பெண்கள் கேலி செய்வார்கள்.

ஆனால் நரியும் நண்டும் வழக்காடும் கதைகளை ஏற்றப்பாட்டாக்கிப் பாடுவதில் அவருக்கு நிகரில்லை. கிணற்றடியில் நீர் மொள்ளும் சால் வாளியைப் பிடித்துப் பாடுபவர் அவர். மேலே ஏற்றத்தின் துலாமரத்தில் முன்னும் பின்னும் நடந்து சாலை இறக்கி ஏற்றுபவன் பக்கத்து நிலத்துப் பக்கிரி. சால் நிறைந்ததா, கவிழ்ந்ததா என்பதைப் பாட்டின் நிறுத்தத்தைக் கேட்டே அறிந்து அவன் அடி வைப்பான்.

1936, மாசி மாதம். விடிந்து சற்று நேரமே ஆகியிருந்தது.

"அண்ணே, துலாவுல…"

"இன்னா, கால் வலிக்குதா? வெயிலுக்கு முன்னாடி முடிக்கணும்டா!"

"இல்லண்ணே, மரத்துல…"

"மரத்துல ஏறினவன் நடக்கணும்பா, கத பேசக்கூடாது!"

சிரித்துக்கொண்டே பாட்டை முடுக்கினார். அடிகளுக்கு நடுவே விடவேண்டிய நிறுத்தத்தை விழுங்கினார். பனியில் மரம் வழுக்குகிறது என்பதே பக்கிரி சொல்ல வந்தது. அவசரமாக வைத்த கால் சறுக்கியது. கீழே கல்லில் விழுந்தவனின் கால் எலும்பு முறிந்தது.

வைத்தியர் மூங்கில்பட்டை வைத்துக் கட்டினார். பக்கிரியின் அரைக்காணி நெற்பயிர், கதிர் வெளிவரும் தறுவாயில், தொண்டைக்கதிராய் நின்றது. பத்து நாள் தண்ணீர் தவறினால் அவனுக்கும் மனைவி அம்சவள்ளிக்கும் அவ்வாண்டு சோறில்லை. பிரெஞ்சு ஆட்சியில் ஊர் நிர்வாகத் தலைவரான கொம்யூன் மேரிடம் புகார் கொடுக்கும்படி சிலர் தூண்டினார்கள், பக்கிரி கொடுக்கவில்லை.

மூன்றாம் நாள் வைத்திலிங்கம் பக்கிரி வீட்டுக்கு வந்து அவன் கட்டிலருகே தரையில் அமர்ந்தார்.

"அண்ணே…" என்ற பக்கிரி நெடுநேரம் பேசவில்லை. வைத்திலிங்கத்தின் உதடு அசைந்து மூடிக்கொண்டது.

"பனிண்ணே. அத்தத்தான் சொல்ல வந்தேன்."

அவர் தலை குனிந்திருந்தார்.

"நெல்லு காயுது" என்றான் பக்கிரி.

மறுநாள் காலையில் அவனைக் கட்டிலோடு தூக்கிவந்து கிணற்றடியில் இறக்கினார்கள். அம்சவள்ளி சாலைப் பிடித்தாள். ஐம்பது வயதை எட்டிய வைத்திலிங்கம் துலாவை வைக்கோலால் துடைத்து அதன்மேல் ஏறினார்.

"நீயே பாடுடா. நீ சொன்னாத்தான் காலெடுப்பேன்."

பக்கிரி முதல் அடியைப் பாடி நிறுத்தினான். சால் இறங்கி நிறைந்தது. அதைப் பார்த்தும் பக்கிரி அடுத்த அடியைத் தொடங்கவில்லை. கீழே பார்க்காமல், அவன் பாட்டுக்குக் காத்து, வைத்திலிங்கம் மேலேயே நின்றார்.

"போதும்யா, பாடு" என்றாள் அம்சவள்ளி.

பக்கிரி பாடினான். வாய்க்காலில் தண்ணீர் விழுந்தது.