புது முகப்பு

2025 மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமை மதியம், மாசாயில் உள்ள தங்கள் வரிசை வீட்டில், சாந்தினி தன் கணவர் சுகுமாறனுக்கு அவருடைய சொந்தக் கைக்கடிகாரத்தையே பிறந்தநாள் பரிசாகக் கொடுத்தார்.

அது அறுபதுகளின் இறுதியில் செய்யப்பட்ட சுவிஸ் குரோனோகிராஃப். சாவி கொடுக்கும் திருகுக்கு மேலும் கீழும் இரண்டு பொத்தான்கள். மேல் பொத்தானை அழுத்தினால் மெல்லிய முள் ஒன்று கிளம்பி வினாடிகளை அளக்கும். மறுபடி அழுத்தினால் நிற்கும். கீழ்ப் பொத்தான் அதைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவரும். அழுத்தும்போது உள்ளே இரும்பு இரும்பைப் பிடிப்பது விரலில் தெரியும். சுகுமாறன் மயங்கியது அதில்தான். மணி எண்கள் உள்ள முகப்பு அதற்கும் மேல். கறுப்பாக வந்தது, ஐம்பது வருட வெளிச்சத்தில் காப்பிப் பழுப்பாகியிருந்தது. ஒரே நாளில் செய்த இரண்டு கடிகாரங்கள்கூட ஒரே மாதிரி பழுப்பதில்லை. சேகரிப்பவர்கள் ஊர் ஊராக அலைவது அந்த நிறத்துக்காக.

இப்போது பெட்டிக்குள் இருந்ததன் முகப்பு மைபோல் கறுத்திருந்தது. முட்கள் புதியவை. கீறல் விழுந்திருந்த விளிம்பு மெருகேறிப் பளபளத்தது.

"கறை புடிச்சுக் கிடந்துச்சில்ல, ஜேபி டவுன்ல ஒரு கடைல குடுத்தேன். பழசைச் சுரண்டிட்டுப் புதுசா பெயிண்ட் அடிச்சிட்டாரு. நல்லா இருக்கா?"

சுகுமாறன் இரவு ஷிஃப்டில் இருந்த இரண்டு வாரத்தில் சாந்தினி இதைச் செய்திருந்தார். இரண்டு முறை பஸ் ஏறிப் போயிருந்தார். செலவு அவருடைய தையல் கூலி.

நன்றாக இருக்கிறது என்று சொல்லி சுகுமாறன் அதைக் கையில் கட்டிக்கொண்டார். சாந்தினிக்கு அதில் அவ்வளவு சந்தோஷம். அலமாரியில் இருக்கும் மற்ற நான்கு பழைய கடிகாரங்களையும் இப்படியே ஆக்கிவிடலாம், சனிக்கிழமை கொண்டுவருவதாகக் கடைக்காரரிடம் சொல்லியாகிவிட்டது என்றார்.

விருந்துக்கு வந்திருந்த நண்பர் காளிதாஸும் கடிகாரம் சேர்ப்பவர். கை கழுவும் சாக்கில் சுகுமாறனைப் பின்பக்கம் அழைத்துப் போனார்.

"இப்ப சொல்லலைன்னா நாலும் போயிரும் லா."

"என்னன்னு சொல்றது? எல்லாம் பாசார் காராட் பழைய சாமான் சந்தைல சும்மா கிடைச்ச ஓட்டை உடைசல்னு சொல்லி வச்சிருக்கேன்."

"உண்மையைச் சொல்லு."

"எந்த உண்மையை? ரெண்டு வருச ஓவர்டைம் காசு எங்க போச்சுங்கறதையா, அவ ஆசையாப் பண்ணதுல கடிகாரத்தோட மதிப்பே போச்சுங்கறதையா?"

"சரி, நாலையும் எங்கிட்ட குடு. நான் வச்சிருக்கேன்."

"அவ எண்ணி வச்சிருக்காய்யா."

காளிதாஸ் சிரித்துவிட்டார். பிறகு மன்னிப்புக் கேட்டார்.

புதன்கிழமை சுகுமாறன், பழையது பழையதாக இருப்பதும் ஓர் அழகுதான் என்று சொல்லிப் பார்த்தார். கிழிந்த பனியனைப் பற்றியும் அவர் அதையேதான் சொல்வார் என்றார் சாந்தினி. வியாழக்கிழமை, கடை தூரம் என்றார். தானே பஸ்ஸில் போய்வருவதாகப் பதில் வந்தது.

வெள்ளிக்கிழமை மாலை சாந்தினி தரையில் உட்கார்ந்து, கீறல் விழாமல் இருக்க, ஒவ்வொரு கடிகாரத்தையும் மகளின் பழைய காலுறைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். சுகுமாறன் எதிரில் உட்கார்ந்தார். ஒரு விஷயம் பேச வேண்டும் என்றார்.

"காசு பத்தித்தானே? விடுங்க. நீங்கதான் இதுக்கு ஒரு காசும் செலவு பண்ணலையே. நான் பண்ணக் கூடாதா?"

ஒரு காலுறை வாய் திறந்து கிடந்தது. சுகுமாறன் அதைப் பிடித்துக்கொடுத்தார்.

சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு சுகுமாறனே காரை ஓட்டிக்கொண்டு சாந்தினியுடன் கடைக்குப் போனார். கடைக்காரர் நான்கு கடிகாரங்களையும் வாங்கிக்கொண்டு ரசீது எழுதினார். மூன்று வாரத்தில் தயாராகிவிடும் என்றார்.